கொடுத்தவர் முன்னால் அளந்த சங்கிலி

“அங்கிள், இனி உங்கடை காலம் மாதிரி இல்லை. தீர்ப்புக்கு வீடியோ வந்தால் ஒருத்தரும் ஒருத்தரோடையும் சண்டை பிடிக்கத் தேவையில்லை” என்று போன மாதம் அபி சொன்னாள். அபி ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்த பிள்ளை. அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டங்களில் கடைசி இரண்டு பருவம் என்னோடு கோட்டு நடுவராக நின்றவள், நல்ல கெட்டிக்காரி. ஆனால் அந்தப் பேச்சில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வீடியோ பந்தைப் பார்க்கும். சங்கிலியை ஆர் பார்க்கிறது?” என்று கேட்டேன்.

“எந்தச் சங்கிலி, அங்கிள்?”

அவளுக்கு அந்தக் கதை தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் பூசி மெழுகி, மேலே நல்ல வர்ணமும் அடித்து வைத்திருந்தார்கள். போன ஞாயிற்றுக்கிழமை எனக்கு நடந்த பிரியாவிடையில் அந்த வர்ணம் கொஞ்சம் உரிந்துவிட்டது. அரைகுறையாகக் கேட்டவர்கள் இப்போது ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஆகவே நானே எழுதிவிடுகிறேன். கோபம் ஆறிவிட்டதா என்று மட்டும் கேட்காதீர்கள், ஆறவில்லை.

நான் இந்த ஆட்டத்துக்குள் வந்தது பெரிய கதை இல்லை. ஊரிலிருந்து வந்து முதலில் நோர்வேயின் வடகோடியில், பாட்ஸ்பியோர்ட்டில் மீன் வெட்டினேன். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து புருசெத்தில் குடியிருந்தேன். பக்கத்துப் பாடசாலை ஒன்றில் பராமரிப்பாளர் வேலை கிடைத்தது. அந்தப் பாடசாலை மைதானத்தில்தான் எங்கள் பக்கத்து அணி பயிற்சி எடுக்கும். ஒரு நாள் நடுவர் ஒருவர் வரவில்லை. மைதானத்துப் படலையைத் திறந்துவிட்டு நின்ற என்னைக் கூப்பிட்டு, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட சட்டை ஒன்றைத் தந்தார்கள். பிறகு வகுப்பு, சோதனை, குளிரில் நடுங்கிக்கொண்டு பயிற்சி. வார நாட்களில் பாடசாலை, வார இறுதியில் மைதானம் என்று என் உழைப்புக் காலம் முழுவதும் போயிற்று.

இந்த ஆட்டத்தைப் பற்றித் தெரியாதவர்களுக்கு ஒன்று சொன்னால் போதும். பந்து வைத்திருக்கும் அணிக்கு நாலு தடவை கிடைக்கும். அதற்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் நாலு தடவை கிடைக்கும், அதற்குப் பெயர் முதல் டவுன். முன்னேறாவிட்டால் பந்தை மற்ற அணியிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டியதுதான். அந்தப் பத்துக் கெஜத்தை அளக்க, இரண்டு கம்புகளுக்கு நடுவில் பூட்டிய சங்கிலி ஒன்று இருக்கும். தொடங்கிய இடத்தில் பின்கம்பு, போய்ச் சேர வேண்டிய இடத்தில் முன்கம்பு. முட்டை வடிவப் பந்தின் கூர் முன்கம்பைத் தொட்டால் முதல் டவுன்.

பந்து எந்த இடத்தில் நின்றது என்று சொல்வதுதான் என் வேலை. பந்தோடு ஓடுகிறவன் விழுந்தால் அவனுக்கு மேலே ஏழெட்டுப் பேர் விழுவார்கள். அந்தக் குவியலைப் பிரித்த பிறகு பந்து எங்கே என்று தேடுவது விசர் வேலை. கீழே கிடந்தபடியே பந்தை முன்னுக்குத் தள்ளிவிடுவார்கள், எல்லா அணியும் செய்கிற திருகுதாளம் அது. அவனுடைய முழங்கால் நிலத்தைத் தொட்ட கணத்தில் பந்தின் கூர் எங்கே இருந்ததோ, அந்த இடம்தான் கணக்கு. பக்கக் கோட்டில் நின்று அதை நான் பார்க்க வேண்டும். பார்த்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கோணாமல், நேர் குறுக்கே உள்ளே ஓட வேண்டும். ஓடிப்போய்க் கால் நுனியை அங்கே வைக்க வேண்டும். வைத்தால் வைத்ததுதான். எவன் கத்தினாலும் அசையக் கூடாது. எதிர்ப் பக்கத்து நடுவருக்குத் தன் பக்கத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை என்றால், என் காலைப் பார்த்துத் தன் காலை நேராக வைப்பார். பந்துதான் என் காலிடம் வரும், என் கால் பந்திடம் போகாது.

இதையெல்லாம் எனக்குப் பழக்கியவர் அர்னே. தலைமை நடுவர். தலைமை நடுவருக்கு மட்டும் வெள்ளைத் தொப்பி, மற்ற எங்களுக்குக் கறுப்பு. நெடுத்து மெலிந்த மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஆட்டம் தொடங்க முன்னர் தன் ஃபிளாஸ்கிலிருந்து எல்லோருக்கும் கோப்பி ஊற்றித் தருவார். யாராவது பதறினால் தொப்பி விளிம்பை இரண்டு விரலால் தொட்டபடி, “டெ கோர் ப்ரா” என்பார். பரவாயில்லை, எல்லாம் சரிவரும் என்று அர்த்தம். ஆரம்பத்தில் அந்தச் சொல் எனக்கு மருந்து மாதிரி இருந்தது. இப்போது கடையில் காசு வாங்குகிற பெண் சிரித்துக்கொண்டு சொன்னால்கூட எனக்கு எரிகிறது.

வேலையில் ஆள் நறுக்கானவர், அதை மறைக்க மாட்டேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால் சங்கிலியை நிலத்தில் நீட்டி, உருக்கு நாடாவால் அளந்து பார்க்க வேண்டும் என்று சொல்லித்தந்தவர் அவர்தான். மைதானத்தில் ஐந்து கெஜத்துக்கு ஒரு கோடு போட்டிருப்பார்கள். புதிதாக நாலு தடவை தொடங்கும்போது, முடிந்தால் பந்தைச் சரியாக ஒரு கோட்டின் மேலேயே வை என்பார். அப்போது பத்துக் கெஜம் தள்ளி இன்னொரு கோடு இருக்கும், சங்கிலியை உள்ளே கொண்டுவராமலே கண்ணுக்குத் தெரிந்துவிடும். இவ்வளவும் சொல்லித்தந்த வாய்தான் பிறகு பொய் சொன்னது.

இது நடந்து பல வருடம். அடுத்த பருவம் வெள்ளைத் தொப்பி உனக்குத்தான் என்று அர்னே என்னிடம் சொல்லியிருந்தார். எங்கள் தமிழ் ஆட்கள் ஒருவர் தலையிலும் அது அதுவரை ஏறியதில்லை. வீட்டில்கூட நான் மூச்சு விடவில்லை. கையில் வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்தேன்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டம் எங்கள் பக்கத்து அணிக்கும் துரொண்ட்ஹெய்மிலிருந்து வந்த பிள்ளைகளுக்கும். வென்றவர் மேல் பிரிவில் இருக்கலாம், தோற்றவர் கீழே இறங்க வேண்டும். சங்கிலி கொண்டுவருவது உள்ளூர் அணியின் பொறுப்பு. கம்பு பிடிக்கிறவர்களும் அந்த அணிப் பிள்ளைகளின் தகப்பன்மார்தான். முந்தின ஆட்டம் முடிந்த பிறகு யாரோ வான் வண்டியைச் சங்கிலிக்கு மேலால் ஏற்றி முறுக்கி வைத்திருந்தார்கள். அதைக் குணம் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒட்டிக்கொண்டு வந்தார். குணம் புருசெத்தில் எங்கள் புளொக்கில் இருந்தவர், சுரங்க ரயில் பணிமனையில் வெல்டிங் வேலை. அவருடைய மகன் நிரோஷன்தான் அந்த அணியில் பந்தோடு ஓடுகிறவன்.

இந்த நாட்டில் டுக்நாட் என்று ஒன்று இருக்கிறது. எங்கள் சிரமதானம் மாதிரி, எல்லோரும் சேர்ந்து சம்பளமில்லாமல் செய்கிற வேலை. நல்ல பழக்கம்தான், குறை சொல்லவில்லை. குறை சொல்லவே கூடாது என்பதுதான் அதில் உள்ள குறை. டுக்நாட்டில் செய்த வேலையை ஒருவரும் சோதிக்க மாட்டார்கள். சோதிக்கிறவன் மனிதனே இல்லை என்கிற மாதிரிப் பார்ப்பார்கள். கோணலாகப் பூசிய சுவரையும் அருமை, அருமை என்று சொல்லிவிட்டு வாஃபிள் சாப்பிடப் போவார்கள்.

குணம் சங்கிலியை நீட்டினார். ஒட்டின இடத்துக்குச் சிவப்பு வர்ணம் அடித்திருந்தார்.

“பாருங்கோ அண்ணை, பழசை விட இப்ப பலம். இழுத்துப் பாருங்கோ.”

“பலம் சரி குணம், நீளம் சரியோ?”

“பகிடி விடாதேங்கோ அண்ணை.”

நான் பையிலிருந்து உருக்கு நாடாவை எடுத்தேன். அர்னே என் கையை மெல்லப் பிடித்தார். சுற்றிவரப் பெற்றோர்கள் நின்றார்கள்.

“அவர் வீட்டில் இருந்து, தன்னுடைய நேரத்தில் செய்துகொண்டு வந்திருக்கிறார். கொடுத்தவர் முன்னால் பரிசை அளப்பாயா?” என்றார்.

“அளக்கச் சொல்லித்தந்தது நீதானே?” என்றேன். இந்த நாட்டில் பெரியவர் சின்னவர் இல்லாமல் எல்லோரும் நீதான்.

“இன்றைக்கு வேண்டாம். டெ கோர் ப்ரா.”

வெள்ளைத் தொப்பி சொன்னால் முடிந்தது. நாடாவைப் பைக்குள் வைத்தேன்.

முதல் பாதியிலேயே எனக்குச் சந்தேகம். கோட்டின் மேல் தொடங்கினால் முன்கம்பும் கோட்டின் மேல்தானே நிற்க வேண்டும்? நிற்கவில்லை, ஒவ்வொரு முறையும் கோட்டுக்கு எட்டாமல் இந்தப் பக்கமாகவே நின்றது. இடைவேளையில் அர்னேயிடம் சொன்னேன். கோடு போட்டதும் டுக்நாட்தான், மழை வேறு பெய்கிறது, கோடுதான் கோணியிருக்கும் என்றார். அதாவது சங்கிலி ஒட்டியவரைச் சோதிக்கக் கூடாது, கோடு போட்டவரை மட்டும் குறை சொல்லலாம். என்ன நியாயமோ! கோப்பிக் கோப்பையை என் கையில் தந்துவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

ஆட்டம் முடிகிற நேரம். எங்கள் பக்கத்து அணி புள்ளியில் பின்னால் நின்றது, அவர்களுக்கு நாலாவது தடவை. அந்த நாலு தடவையையும் ஒரு கோட்டின் மேலேயே தொடங்கியிருந்தோம். பந்து நிரோஷன் கையில். என் பக்கமாக வந்தான், இரண்டு பேரை உதறினான், மூன்றாவது ஆள் காலைப் பிடிக்க விழுந்தான். முழங்கால் தொட்டதைக் கண்டேன். பந்தின் கூரைக் கண்டேன். குவியல் விழுந்தது. நான் நேர் குறுக்கே ஓடிப்போய்க் காலை வைத்தேன். மழையில் கரைந்து போயிருந்த கோட்டின் மிச்சம் என் சப்பாத்துக்கு முன்னால் தெரிந்தது. ஒரு கையகலம் குறைவு. பந்து போய்ச் சேரவில்லை, நூற்றுக்கு நூறு.

இரண்டு பயிற்சியாளர்களும் கத்தினார்கள். அர்னே சங்கிலியைக் கூப்பிட்டார். தகப்பன்மார் கொண்டுவந்து நீட்டினார்கள். முன்கம்பைப் பிடித்தவர் குணம். கம்பு கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றது, பந்தின் கூர் அதைத் தாண்டி அரைச் சாண் நீட்டிக்கொண்டு தெரிந்தது.

“அர்னே, கோட்டைப் பார். கம்பு கோட்டுக்கு வரவில்லை” என்றேன்.

“கோடு கரைந்துவிட்டது. சங்கிலி இருக்கிறது” என்றார். கையை நீட்டி முதல் டவுன் காட்டினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்களே ஊகிப்பீர்கள். நாலு தடவை புதிதாகக் கிடைத்தது, நிரோஷன் ஓடிப்போய்ப் புள்ளி எடுத்தான், எங்கள் பக்கத்து அணி வென்றது. குணம் கம்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். துரொண்ட்ஹெய்ம் பிள்ளைகள் சேற்றில் இருந்து அழுதார்கள்.

உடை மாற்றும் அறைக்கு வெளியே இருந்த நடைபாதையில் நான் சங்கிலியை நீட்டிப்போட்டு நாடாவால் அளந்தேன். பக்கத்தில் அர்னேயும் குணமும் நின்றார்கள். ஒரு சாண் குறைந்தது. முறுகின வளையங்களை வெட்டி எறிந்துவிட்டு, மிச்சத்தை இழுத்து ஒட்டியிருக்கிறார் குணம். அவருடைய முகம் செத்துப்போயிற்று. அர்னே கோப்பியைக் குடித்து முடித்தார்.

“யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. ஆட்டம் முடிந்துவிட்டது, பெரிதாக்காதே” என்றார். சொல்லிவிட்டுச் சங்கிலியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

துரொண்ட்ஹெய்ம் பயிற்சியாளர் முறைப்பாடு செய்தார். பந்து பத்துக் கெஜம் போகவில்லை என்றார். அது உண்மை! அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. ஆனால் போகாத பந்துக்கு எப்படி முதல் டவுன் கிடைத்தது? அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்றுதான், என் கால். யாரோ ஒரு தாய் பார்வையாளர் மேடையின் மூலையிலிருந்து எடுத்த வீடியோவைக் காட்டினார்கள். மழையில் நிழல் மாதிரி ஆட்கள் தெரிகிறார்கள், நான் ஓடிவந்து கால் வைப்பது தெரிகிறது, வேறு ஒரு மண்ணும் தெரியவில்லை. தகப்பன் கம்பு பிடிக்கிறான், மகன் பந்தோடு ஓடுகிறான், மாமன் கால் வைக்கிறான் என்று ஒருவன் இணையத்தில் எழுதினான். நான் குணத்துக்கு மாமனும் இல்லை, மச்சானும் இல்லை. எங்கள் நிறம் ஒன்று, அவ்வளவுதான்.

விசாரணைக் கூட்டத்துக்கு முதல் குணம் வீட்டுக்கு வந்தார். மனைவி தேத்தண்ணீர் வைத்தாள். அவர் தொடவில்லை.

“அண்ணை, சங்கிலியைப் பற்றி அங்கை கதைக்காதேங்கோ. கும்பிட்டுக் கேக்கிறன்.”

“ஏன்?”

“உங்கடை கால் எண்டால் பிழை எண்டுவினம். என்ரை சங்கிலி எண்டால் களவு எண்டுவினம். பெடியன் பள்ளிக்கூடத்திலை தலை நிமிர ஏலாது.”

“அப்ப என்ரை தலை?”

“நீங்கள் பெரியாள், அண்ணை. தாங்குவியள்.”

பெரியாளாம், தாங்குவேனாம்! வலிக்காத ஆள் என்று யார் எனக்கு முத்திரை குத்தினது? “எழும்பிப் போம் குணம்” என்றேன். வாசல்வரை போய் நின்று பார்த்தார், பிறகு போய்விட்டார்.

கூட்டத்தில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். சங்கிலி ஒரு சாண் குறைவு, குணம் வேண்டுமென்று செய்யவில்லை, ஆட்டத்துக்கு முன்னால் அளக்கக் கேட்டேன், தலைமை நடுவர் தடுத்தார், இடைவேளையிலும் சொன்னேன். விசாரித்தவர்கள் அர்னேயைப் பார்த்தார்கள்.

“அப்படிக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை” என்றார். அதே மெல்லிய குரலில்தான்.

“நாங்கள் நடைபாதையில் அளந்ததுமா ஞாபகம் இல்லை?”

“எல்லோரும் களைத்துப் போயிருந்தோம்.”

சங்கிலியைக் கொண்டுவாருங்கள், இங்கேயே அளப்போம் என்றேன். பழையது எறியப்பட்டுவிட்டது, புதியது வாங்கியாயிற்று என்று அணியின் செயலாளர் சொன்னார். குணம் பின்வரிசையில் இருந்து தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொட்டாவி விடக்கூட வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஆட்ட முடிவு மாறாது என்றும், கோட்டு நடுவரின் கணிப்பில் தவறு இருந்திருக்கலாம் என்றும் தீர்ப்பு வந்தது. இருந்திருக்கலாம்! உறுதியாகக் குற்றம் சொன்னால் எதிர்த்து வாதாடலாம். இருந்திருக்கலாம் என்று ஒருவன் தலையில் கட்டிவிட்டால் அவன் யாரோடு போய்ச் சண்டை பிடிப்பான்?

வெள்ளைத் தொப்பி வேறு ஒருவருக்குப் போயிற்று. இறுதி ஆட்டங்களுக்கு என்னை அதன்பிறகு கூப்பிடவில்லை. விட்டுத் தொலைத்தால் என்ன என்று மனைவி கேட்டாள். விட்டால் ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்றேன். கறுப்புத் தொப்பியோடு தொடர்ந்து நின்றேன். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முன்னால், எல்லோருடைய கண்ணுக்கும் முன்னால், சங்கிலியை நீட்டிப்போட்டு அளந்தேன். பெற்றோர்கள் முகம் சுளித்தார்கள். சுளிக்கட்டும் என்று குனிந்து என் வேலையைப் பார்த்தேன்.

இப்போது போன ஞாயிறு. எங்கள் பாடசாலை உடற்பயிற்சி மண்டபத்தில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். அர்னே முன்வரிசையில், தலை முழுக்க நரைத்திருந்தது. எங்கள் பக்கத்து அணியின் பழைய பெற்றோர் என்று குணமும் வந்திருந்தார். ஒருவரை ஒருவர் நம்புவதுதான் நடுவர் தொழிலின் உயிர் என்று அர்னே பேசினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பிறகு அபி ஒரு மரப்பெட்டியைக் கொண்டுவந்து என் கையில் தந்தாள்.

“அங்கிள், அணியின்ரை ஸ்டோரைத் துப்புரவாக்கேக்கை கிடைச்சது. உங்கடை காலத்துப் பழைய சங்கிலி. நாங்களே மினுக்கி வைச்சனாங்கள்.”

பெட்டியைத் திறந்தேன். சுருட்டி வைத்த சங்கிலியின் நடுவில் சிவப்பு வர்ணம் தெரிந்தது.

எறியப்பட்ட சங்கிலி! இத்தனை வருடமும் ஸ்டோரில் சுகமாகக் கிடந்திருக்கிறது. அபி பாவம், அவள் நல்ல மனதோடு தந்தாள். அவளிடம் பராமரிப்பாளர் அறையில் உருக்கு நாடா தொங்கும், எடுத்துக்கொண்டு வா என்றேன். ஏதோ விளையாட்டுக் காட்டப்போகிறேன் என்று நினைத்துச் சிலர் கை தட்டினார்கள்.

“அர்னே, எழும்பி வந்து இந்த முனையைப் பிடி.”

“இன்றைக்கு உன்னுடைய நாள். இது எதற்கு? டெ கோர்...”

“பிடி.”

வந்து பிடித்தார். மண்டபத்துத் தரையில் மற்ற முனையை நான் இழுத்துப் பிடித்தேன். அபி குனிந்து நாடாவை வைத்துப் பார்த்தாள். பத்துக் கெஜம் என்றால் ஒன்பது மீற்றரும் பதினாலு சென்ரிமீற்றரும் என்று அவளுக்கு நித்திரையிலும் தெரியும். திரும்பவும் வைத்துப் பார்த்தாள்.

“அங்கிள், எட்டு மீற்றர் தொண்ணூற்றிரண்டுதான் வருது.”

“நோர்வேஜிய மொழியில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லு.”

சொன்னாள். கை தட்டியவர்கள் நிறுத்திவிட்டார்கள். அப்போது பின்னாலிருந்து குணம் எழும்பினார்.

“நான்தான் வெட்டி ஒட்டினது. அண்ணை அளக்கக் கேட்டவர், இவர்தான் விடேல்லை. நான் பக்கத்திலைதான் நிண்டனான்” என்று தமிழில் சொன்னார். பிறகு அதையே நோர்வேஜிய மொழியில் திக்கித் திக்கிச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. இவ்வளவு காலமும் இந்த வாய் எங்கே போயிருந்தது என்றுதான் கேட்கத் தோன்றியது. கேட்டேன்.

அர்னே இன்னும் சங்கிலி முனையைப் பிடித்தபடி நின்றார். “எனக்கு அன்றைக்கே தெரியும்” என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்.

“எனக்குச் சொல்லாதே, மைக்கில் சொல்லு.”

அவர் மைக்கைப் பார்த்தார், மண்டபத்தைப் பார்த்தார். தொப்பி இல்லாத நெற்றியில் இரண்டு விரல் போய்த் தடவியது. சொல்லவில்லை. நானும் காத்துக்கொண்டு நிற்கவில்லை. சங்கிலியைச் சுருட்டிப் பெட்டிக்குள் வைத்து மூடி, அவர் கையில் கொடுத்தேன்.

“இது என்னுடையது இல்லை, உன்னுடையது. என் கால் அன்றைக்குச் சரியான இடத்தில்தான் நின்றது” என்றேன்.

பெட்டியை வாங்கிக்கொண்டார்.